வலப்பக்க ஸ்டியரிங்கை இடப்பக்கம் மாற்றலாமா? கேள்வி பதில்

சாலையின் வலப்பக்கம் ஓட்டும் நாடுகளுக்கு ஜப்பானிலிருந்து வரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் ஸ்டியரிங்கை வலமிருந்து இடத்துக்கு மாற்றுவது பற்றித்தான் இன்றைய கேள்விகள். இதைப் பட்டறையில் தொழிலாகச் செய்பவன் நான். அப்படியிருந்தும் வருகிறவர்களில் பலரிடம் "வேண்டாம், அப்படியே ஓட்டுங்கள்" என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

கேள்வி: அண்ணா, சில்வியா எஸ்14 வாங்கியிருக்கிறேன். இடப்பக்கம் மாற்ற என்னென்ன வேண்டும்?

உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. இதே எஸ்14 பாடியை நிஸான் 240எஸ்எக்ஸ் என்ற பெயரில் வட அமெரிக்காவில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு விற்றது, 1995 முதல் 1998 மாடல் வரை. அதாவது உங்களுக்குத் தேவையான பாகங்களை எல்லாம் கம்பெனியே செய்து வைத்திருக்கிறது. பின்பக்கம் அடிபட்டு முன்பக்கம் நன்றாக இருக்கிற ஒரு 240எஸ்எக்ஸை முழு வண்டியாக வாங்கிப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தனித்தனியாக வாங்கப் போனால் கடைசியில் ஒரு பிராக்கெட்டுக்காக வண்டி மாதக்கணக்கில் நிற்கும்.

அதிலிருந்து எடுக்க வேண்டியவை: ஸ்டியரிங் ரேக் (ஸ்டியரிங் சுற்றுவதை முன் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பல் தண்டு), ஸ்டியரிங் காலம் (column, ஸ்டியரிங் சக்கரத்தைத் தாங்கும் தண்டுப் பகுதி), பெடல்கள் அவற்றின் பிராக்கெட்டோடு, பிரேக் பூஸ்டர் (மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் உருளை), பிரேக் மற்றும் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்கள் (பெடல் விசையை எண்ணெய் அழுத்தமாக மாற்றுபவை), அவற்றின் குழாய்கள், டேஷ்போர்டு, அதன் பின்னால் குறுக்கே ஓடும் இரும்புச் சட்டம், ஹீட்டர்-ஏசி பெட்டி, கேபின் ஒயரிங், வைப்பர் இணைப்புகள், கதவு சுவிட்சுகள், கார்பெட். கார்பெட்டா என்று சிரிக்க வேண்டாம். பெடல் பக்கமும் பயணி பக்கமும் ஒரே மாதிரி வெட்டப்பட்டிருக்காது.

மஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி, டொயோட்டா சுப்ரா ஏ80, நிஸான் 300இசட்எக்ஸ் மூன்றும் இந்த வகைதான். மூன்றுமே அமெரிக்காவில் இடப்பக்க ஸ்டியரிங்கோடு விற்றவை. ஆனால் ஒன்று யோசியுங்கள். பக்கத்தில் நிற்கிற அந்த 240எஸ்எக்ஸ் போன்ற ஒன்று ஓடும் நிலையில் கிடைத்தால், சில்வியாவின் எஸ்ஆர்20டிஇடி எஞ்சினை அதில் இறக்குவது இதில் கால்வாசி வேலை. பலரும் பல வருடங்களாகச் செய்து பழகிய வேலையும் கூட.

கேள்வி: ரேக்கைத் திருப்பிப் போட்டால் போதாதா? புது ரேக் எதற்கு?

போதாது. வலது கால் செருப்பை எப்படித் திருப்பினாலும் இடது கால் செருப்பு ஆகாது, ரேக்கும் அப்படித்தான். முன்பக்கம் பின்பக்கமாகச் சுற்றி வைத்தால் பினியன் (ஸ்டியரிங் தண்டு முனையில் ரேக்கைத் தள்ளும் சிறு பல் சக்கரம்) இடப்பக்கம் வந்துவிடும், சரி. ஆனால் ஓட்டுநரைப் பார்த்துச் சாய்ந்திருந்த தண்டு இப்போது பம்பரைப் பார்த்துச் சாயும். அதை எப்படியோ இணைத்தாலும், ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகும். தலைகீழாகக் கவிழ்த்தால் தண்டு தரையைப் பார்க்கும். கண்ணாடிப் பிம்பமாகச் செய்த வேறு ரேக்தான் வேண்டும்.

அது கிடைத்த பிறகும் உயரத்தில் கவனம் தேவை. டை ராடும் (ரேக்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சஸ்பென்ஷனின் கீழ்க் கையும் ஒத்த வளைவில் மேலும் கீழும் ஆட வேண்டும். ரேக் சில மில்லிமீட்டர் ஏறியோ இறங்கியோ உட்கார்ந்தால், மேடு பள்ளத்தில் ஸ்டியரிங்கைத் தொடாமலே சக்கரம் திரும்பும். 60 கிலோமீட்டர் வேகத்தில் லேசாகத்தான் தெரியும். 140-ல் பயமாக இருக்கும்.

கேள்வி: ரேக்கை விட்டுவிட்டு, டேஷ்போர்டுக்குப் பின்னால் செயின் அல்லது கியர் வைத்து ஸ்டியரிங்கை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவந்து தருகிறார்களே?

தருகிறார்கள். செலவும் குறைவு, ஃபயர்வாலை, அதாவது எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள தகட்டுச் சுவரை, தொட வேண்டியதும் இல்லை. ஆனால் செயின் நாளடைவில் தளரும், கியர் தேயும், இரண்டிலும் ஸ்டியரிங் ஆட்டம் கூடிக்கொண்டே போகும். மோதலில் மடங்கிக் கொடுக்க வேண்டிய ஸ்டியரிங் காலத்தின் முன்னால் ஒரு கனமான இரும்புப் பெட்டி வேறு. மெதுவாக ஊர்ந்து தெருத்தெருவாக நிற்கிற வண்டிக்கு என்றால் பேசலாம். ஸ்போர்ட்ஸ் காரில் நான் செய்ய மாட்டேன், செய்து வந்த வண்டியில் ஏறவும் மாட்டேன்.

கேள்வி: சார், பிரேக் பூஸ்டரை வலப்பக்கமே விட்டுவிட்டு, பெடலிலிருந்து ஒரு குறுக்குத் தண்டு கொடுத்தால்?

ஸ்டியரிங்கில் சொன்ன அளவுக்கு இதை மறுக்க மாட்டேன். கார் கம்பெனிகளே சில மாடல்களில் இப்படிச் செய்திருக்கின்றன. ஆனால் அவர்கள் தண்டின் தடிமன், தாங்கு புள்ளிகள் எல்லாவற்றையும் கணக்குப் போட்டுச் செய்தார்கள். பட்டறையில் கைக்குக் கிடைத்த குழாயை வெட்டிப் போட்டால், மிதிக்கும்போது தண்டு முறுகும், பெடல் பஞ்சு மாதிரி இறங்கும்.

கணக்கைப் பாருங்கள். பயத்தில் ஒருவர் 50 கிலோ அழுத்தத்தில் மிதிக்கிறார். பெடல் அதை ஏறத்தாழ 4 மடங்காக்குகிறது. ஆக 200 கிலோ, பெடலும் பூஸ்டரும் மாட்டியிருக்கிற இடத்தில் போய் விழுகிறது. ஃபயர்வால் ஒரு மில்லிமீட்டர் தடிமனே உள்ள தகடு. கம்பெனி அந்த இடத்தில் கூடுதல் தகடு வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்திருக்கும். பயணி பக்கம் அது இருக்காது, அல்லது மெலிதாக இருக்கும். எனவே துளை போடுவதோடு வேலை முடியாது, பின்னால் தகடு வைத்து பலப்படுத்த வேண்டும். பக்கத்தில் ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு பானெட்டைத் திறந்து பாருங்கள். மாஸ்டர் சிலிண்டர் முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் வேலை சரியில்லை.

இரண்டு பக்க ஸ்டியரிங்குக்கும் செய்த சில பாடிகளில் எதிர்ப்பக்கத் துளைகளின் அச்சு ஃபயர்வாலிலேயே இருக்கும், மூடி போட்டு அடைத்திருப்பார்கள். வெட்டுவதற்கு முன் கார்பெட்டையும் சத்தத் தடுப்பு விரிப்பையும் தூக்கிப் பாருங்கள்.

கேள்வி: என்னிடம் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்34 இருக்கிறது. செலவு பிரச்சினை இல்லை. செய்து தருவீர்களா?

மாட்டேன். ஆர்32, ஆர்33, ஆர்34 மூன்று ஜிடி-ஆரையும் நிஸான் இடப்பக்க ஸ்டியரிங்கோடு விற்பனைக்குச் செய்ததே இல்லை. எடுத்து மாட்ட டேஷ்போர்டு கிடையாது, ரேக் கிடையாது. எல்லாம் கையால் செய்ய வேண்டும். இவற்றின் ஆர்பி26 எஞ்சினில் டர்போக்கள் வலப்பக்கம், இன்டேக் (காற்று உள்ளே போகும் பாதை) இடப்பக்கம். அந்த இன்டேக்கை ஒட்டி பூஸ்டருக்கும் கிளட்ச் சிலிண்டருக்கும் இடம் தேட வேண்டும். கீழே முன் டிஃபரன்ஷியல் (முன் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துத் தரும் பெட்டி) ஆயில் பானோடு சேர்த்தே போல்ட் செய்யப்பட்டிருக்கிறது, ஸ்டியரிங் தண்டு இதையெல்லாம் தாண்டி ரேக்குக்கு இறங்க வேண்டும்.

அந்தத் தண்டில் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட் (தண்டு கோணத்தில் வளைந்து சுற்ற உதவும் இணைப்பு) வரும். இரண்டின் கோணமும் சமமாக, அவற்றின் முள்கரண்டி போன்ற முனைகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே திருப்பத்தில் ஸ்டியரிங் கனத்தும் இலேசாகியும் மாறி மாறி வரும்.

இன்னொன்று, சேசிஸ் எண். இந்த வண்டிகளில் அது ஃபயர்வாலில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது. அதன் அருகில் வெட்டி ஒட்டிய வண்டியைப் பதிவு அலுவலகமும் சந்தேகமாகப் பார்க்கும், வாங்க வருகிறவரும் அப்படியே. பணம் கொடுத்து வண்டியின் மதிப்பைக் குறைத்துக்கொள்வது எதற்கு?

கேள்வி: ப்ரோ, ஸ்டியரிங்கை மாற்றிவிட்டால் அமெரிக்காவின் 25 வருட விதியிலிருந்து தப்பலாமா?

முடியாது. 1988-ல் வந்த அந்தச் சட்டம், 25 வருடம் ஆகாத வண்டியை இறக்குமதி செய்யும்போது அது அமெரிக்கப் பாதுகாப்புத் தரத்துக்குச் செய்யப்பட்டதா என்று பார்க்கிறது. ஸ்டியரிங் எந்தப் பக்கம் என்று பார்க்கவில்லை. கணக்கு தயாரித்த மாதத்திலிருந்து. 1999 ஜனவரியில் செய்த வண்டி 2024 ஜனவரியில்தான் தகுதி பெற்றது. 25 வருடம் தாண்டிய பிறகு வலப்பக்க ஸ்டியரிங்கோடேயே ஓட்டலாம். கனடாவில் இதுவே 15 வருடம்.

கேள்வி: எங்கள் நாட்டில் வலப்பக்க ஸ்டியரிங்கைப் பதிவே செய்ய மாட்டார்கள். அப்போது?

அப்படிப்பட்ட நாடுகள் உண்டு. பிலிப்பைன்ஸ் 1998-ல் 8506 என்ற எண் கொண்ட சட்டம் போட்டே தடுத்தது. அங்கெல்லாம் வண்டி வாங்கும் முன்பே ஒரு விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: ஸ்டியரிங் இப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்கிறார்களா, செய்யப்பட்டபோது எங்கே இருந்தது என்பதையா? இரண்டாவது என்றால் என் பட்டறைக்கு வந்து பிரயோஜனம் இல்லை.

கேள்வி: ஏர்பேக்?

பாகங்களுக்காக வாங்கிய வண்டியிலிருந்து ஏர்பேக் கன்ட்ரோல் யூனிட், சென்சார்கள், ஒயரிங் எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக எடுங்கள். மஞ்சள் கனெக்டர் உள்ள ஒயரை வெட்டி நீட்டாதீர்கள். பாட்டரியைக் கழற்றி, மேனுவலில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் கை வைக்க வேண்டும்.

கேள்வி: ஸ்டியரிங்கை மாற்றவில்லை, அப்படியே ஓட்டப்போகிறேன். வேறு எதுவும் செய்ய வேண்டாமா?

நல்ல முடிவு. ஹெட்லைட்டை மட்டும் மாற்றுங்கள். ஜப்பான் லைட்டின் ஒளி இடது ஓரம் நோக்கி மேலே ஏறும், அங்கே அது நடைபாதை. சாலையின் வலப்பக்கம் போகிற நாட்டில் அது நேராக எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்கும். ஸ்டியரிங் எங்கே இருந்தாலும் இது பொருந்தும்.

அப்புறம், முதல் சில நாட்கள் வண்டி இடப்பக்கக் கோட்டைத் தாண்டும். நீங்கள் பழக்கத்தில் உங்கள் உடம்பை எப்போதும் போல சாலையின் நடுப்பக்கமாக வைப்பீர்கள். வண்டியின் மிச்ச அகலம் இப்போது இடப்பக்கம் நீண்டிருக்கிறது. எதிர்வரும் வண்டிகள் இருக்கும் பக்கம் அது. முந்தும்போது முன் வண்டியிலிருந்து நன்றாகப் பின்தங்கி நின்றால்தான் எதிரே தெரியும். பெடல் வரிசையும் கியர் அமைப்பும் மாறாது. இன்டிகேட்டர் லிவர் மட்டும் வலப்பக்கம் இருக்கும், திரும்ப நினைத்து வைப்பரைப் போடுவீர்கள்.

கேள்வி: ஏற்கனவே மாற்றிய ஒரு வண்டி விலைக்கு வந்திருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் வைப்பர். மாற்றாமல் விட்டிருந்தால், துடைக்காத மூலை உங்கள் கண் முன்னால் இருக்கும். அதையே சோம்பல்பட்டு விட்டவர் உள்ளே எதையெல்லாம் விட்டிருப்பார் என்று ஊகிக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கை விரலால் இப்படியும் அப்படியும் அசைத்துப் பாருங்கள், சக்கரம் அசைவதற்கு முன் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்று தெரியும். எஞ்சின் ஓடும்போது முழு வலம், முழு இடம் திருப்பி, தண்டு எதிலாவது உரசுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் வண்டியை லிஃப்டில் ஏற்றி ரேக் மாட்டிய இடத்தின் வெல்டிங்கையும் பிரேக் குழாய்களின் வளைவுகளையும் பாருங்கள். குழாயை நீட்ட கம்ப்ரஷன் ஃபிட்டிங் (திருகி இறுக்கும் குழாய் இணைப்பு) போட்டிருந்தால் விலை பேசவே வேண்டாம். வேலை நடந்தபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். ஃபயர்வாலை ஒழுங்காக பலப்படுத்தியவர் அதைப் படம் எடுக்காமல் மூடியிருக்க மாட்டார். லிஃப்டில் ஏற்ற விற்பவர் தயங்கினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.