ஃபுல் டேங்க் போட்டால் எத்தனை கிலோமீட்டர் நம்பிப் போகலாம்?

கேள்வி: என் பைக்கின் டேங்க் 13 லிட்டர் கொள்ளும் என்று கையேட்டில் இருக்கிறது. லிட்டருக்கு 35 கி.மீ. மைலேஜ் கிடைக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 455 கி.மீ. வருகிறது. ஆனால் சென்ற நெடும்பயணத்தில் 310 கி.மீ. ஓடியதுமே பெட்ரோல் எச்சரிக்கை விளக்கு எரிந்துவிட்டது. ஏதாவது கோளாறா? அடுத்த மாதம் 400 கி.மீ. தூரத்துக்குப் பெட்ரோல் பங்க்கே இல்லாத ஒரு பாதையில் போகப்போகிறேன். ஒரே டேங்க்கில் கடந்துவிடலாமா?

பதில்: நீங்கள் சொன்ன எண்களை வைத்துப் பார்த்தால் பைக்கில் கோளாறு எதுவும் தெரியவில்லை. ஆனால் 400 கி.மீ. பாதையை ஒரே டேங்க்கில் கடக்கலாம் என்ற எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள்.

விளக்கு எரிந்தால் டேங்க் காலி என்று பொருளல்ல. உங்களுடையதைப் போன்ற பைக்குகளில் பெரும்பாலும் 2 முதல் 3 லிட்டர் மிச்சமிருக்கும்போதே விளக்கு எரிந்துவிடும். துல்லியமான அளவு கையேட்டில் இருக்கும். இப்போதைக்கு இரண்டரை லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 310 கி.மீ.க்குச் செலவானது 10.5 லிட்டர். லிட்டருக்கு ஏறத்தாழ 29.5 கி.மீ. உங்கள் 35 பொய்யல்ல. அது வேறொரு வேகத்தில், வேறொரு சாலையில் கிடைத்த எண். நெடுஞ்சாலைக்கு அதைக் கொண்டுபோனதுதான் தவறு.

மைலேஜைக் குறைப்பதில் வேகத்துக்கு நிகரான எதிரி வேறில்லை. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 60 கி.மீ. வேகத்திலிருந்து 90-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, தடையோ இரண்டேகால் மடங்கு. மைலேஜ் அதே விகிதத்தில் சரிவதில்லை, ஏனென்றால் உருளும் சக்கரத்தின் தடை போன்றவை அவ்வளவு மாறுவதில்லை. சுமை கூடும்போது இன்ஜினின் திறனும் சற்றுக் கூடுகிறது. ஆனாலும் 35 என்பது 29 ஆவதற்கு இந்த ஒரு காரணமே தாராளமாகப் போதும். எதிர்க்காற்று இருந்தால் இன்னும் மோசம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்று வீசும்போது 80-ல் ஓட்டினால், உங்கள் மார்பில் மோதும் காற்றின் வேகம் 100.

பைக் சிறியது, ஆகவே காற்றை எளிதாகக் கிழித்துப் போகும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நிமிர்ந்து உட்கார்ந்த மனிதர், கண்ணாடிகள், கைப்பிடிகள், திறந்த சக்கரங்கள் என்று பைக்கின் வடிவம் காற்றில் காரைவிடப் பின்தங்கியது. அமெரிக்க வடிவமைப்பாளர் கிரெய்க் வெட்டர் 1980-களின் முற்பாதியில் பைக்குகளுக்கு எரிபொருள் சிக்கனப் போட்டிகள் நடத்தினார். 1985-ல் அதில் வென்ற பைக் ஓர் அமெரிக்க கேலனுக்கு 470 மைல் ஓடியது, அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 200 கி.மீ. சிறிய இன்ஜின் ஒரு காரணம். ஆனால் காற்று வழுக்கிச் செல்லும்படி வண்டியை மூடிய உறை இல்லாமல் அந்த எண்ணை எட்டியிருக்கவே முடியாது.

டேங்க்கின் அளவை மட்டும் பார்த்து தூரத்தை எடைபோடவும் கூடாது. பி.எம்.டபிள்யூ.வின் ஆர் 1250 ஜி.எஸ். அட்வென்ச்சர் பைக்கில் 30 லிட்டர் டேங்க் உண்டு. லிட்டருக்கு 20 கி.மீ. கிடைத்தால் 600 கி.மீ. போகும். 10 லிட்டர் டேங்க் கொண்ட 100 சிசி பைக், லிட்டருக்கு 60 கி.மீ. கொடுத்தால் அதே 600-ஐ எட்டிவிடும்.

அடுத்தது, டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் அத்தனையும் இன்ஜினுக்குப் போய்ச் சேராது. பைக்கின் டேங்க் பெரும்பாலும் சேஸிஸின் முதுகுக் குழாயின் மேல் சேணம்போல் உட்கார்ந்திருக்கும். அதன் அடிப்பகுதி இருபுறமும் இரண்டு பைகளாகத் தொங்கும். பெட்ரோல் வெளியேறும் வழி பல பைக்குகளில் ஒரு பக்கம் மட்டுமே. மட்டம் முதுகுக் குழாய்க்குக் கீழே இறங்கியதும் மறுபக்கப் பையில் இருப்பது அங்கேயே தங்கிவிடும். பழைய கார்புரேட்டர் பைக் நின்றுபோனால், பெட்ரோல் காக் (டேங்க்கிலிருந்து வரும் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகு) இருக்கும் பக்கமாக வண்டியை நன்றாகச் சாய்த்துப் பிறகு ஸ்டார்ட் செய்வார்கள் அல்லவா? மறுபக்கத்துப் பெட்ரோல் இந்தப் பக்கம் வழிந்து வருவதற்காகத்தான். உங்கள் டேங்க்கில் அரை லிட்டர் இப்படி வீணாகத் தங்கும் என்று கொண்டு 12.5 லிட்டரை மட்டும் கணக்கில் எடுங்கள்.

ரிசர்வ் என்பது தனி டேங்க் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். பெட்ரோல் காக்கைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். டேங்க்குக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஓர் உயரமான குழாய் இருக்கும். அடிமட்டத்தை ஒட்டி இன்னொரு துளை இருக்கும். சாதாரண நிலையில் உயரமான குழாய் வழியாகப் பெட்ரோல் வரும். மட்டம் அந்தக் குழாயின் வாய்க்குக் கீழே போனதும் இன்ஜின் இருமத் தொடங்கும். காக்கை ரிசர்வுக்குத் திருப்பினால் கீழ்த்துளை திறக்கும். அவ்வளவுதான். பெட்ரோல் போட்ட பிறகு காக்கைப் பழைய நிலைக்குத் திருப்ப மறந்தால், அடுத்த முறை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வண்டி நின்றுவிடும்.

உங்கள் பைக்கில் விளக்கு இருப்பதால் அது ஃபியூயல் இன்ஜெக்ஷன் வகையாக, அதாவது கார்புரேட்டருக்குப் பதிலாக ஒரு பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்பும் வகையாக இருக்கலாம். அப்படியென்றால் ஒன்றை மறக்காதீர்கள். டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பது அதைச் சூழ்ந்திருக்கும் பெட்ரோல்தான். கடைசிச் சொட்டு வரை ஓட்டும் வழக்கம் பம்ப்பின் ஆயுளைக் குறைக்கும்.

பெட்ரோல் முள்ளையும் ‘இன்னும் இத்தனை கி.மீ.’ என்று திரையில் தெரியும் எண்ணையும் நான் அதிகம் நம்புவதில்லை. டேங்க் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருப்பதால், உள்ளே இருக்கும் மிதவை முதல் பாதியில் மெதுவாக இறங்கும், பிறகு மளமளவென்று விழும். திரையில் வரும் எண் அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்துப் போடும் கணக்கு. இனி வரப்போகும் மலையும் காற்றும் அதற்குத் தெரியாது.

நம்ப வேண்டியது ட்ரிப் மீட்டரை, அதாவது பூஜ்யமாக்கியதிலிருந்து ஓடிய தூரத்தைக் காட்டும் மீட்டரை. சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில், இல்லையென்றால் யாரையாவது வண்டியை நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, டேங்க் வாயின் கழுத்து முடியும் இடம் வரை பெட்ரோல் போடுங்கள். ட்ரிப் மீட்டரைப் பூஜ்யமாக்குங்கள். பயணத்துக்குச் சமமான சுமையுடன், அதே வேகத்தில், பாதி டேங்க்குக்கு மேல் தீரும்வரை ஓட்டுங்கள். மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்பி, ஓடிய தூரத்தைப் போட்ட லிட்டரால் வகுத்துக்கொள்ளுங்கள். மூன்று லிட்டர் மட்டும் செலவழித்துவிட்டு அளந்தால் பயனில்லை. நிரப்பும் மட்டத்தில் 300 மில்லி பிசகினாலும் கணக்கு 10 சதவீதம் மாறிவிடும்; பத்து லிட்டருக்கு அதே பிசகு 3 சதவீதம்தான். இப்படி இரண்டு மூன்று முறை அளந்து, கிடைத்ததில் மிகக் குறைந்த எண்ணையே பயணத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம்.

கழுத்துக்கு மேல் விளிம்பு வரை நிரப்ப வேண்டாம். வெப்பம் 20 டிகிரி கூடினால் 13 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ கால் லிட்டர் விரியும். அதற்கு இடம் வேண்டும்.

காற்று குறைந்த டயர், வறண்ட செயின், தூசி அடைத்த ஏர் ஃபில்டர், உரசிக்கொண்டே இருக்கும் பிரேக் ஆகியவற்றைப் புறப்படும் முன் சரிபார்த்துவிடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் அதற்கும் சற்றுக் கழித்துக்கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆகவே 20 சதவீதக் கலப்பில் மைலேஜ் ஆறேழு சதவீதம் வரை குறையக்கூடும்.

இப்போது உங்கள் 400 கி.மீ. பாதைக்கு வருவோம். லிட்டருக்கு 29.5 என்றால், தங்கிவிடும் அரை லிட்டரைக் கழித்தபின் ஒரு டேங்க்கில் 370 கி.மீ.க்குள்தான். 60-65 வேகத்தைத் தாண்டாமல் ஓட்டி 35 மைலேஜை மீட்டாலும் 437 கி.மீ. வரும். வழி தவறினாலோ, சாலை மூடப்பட்டுச் சுற்றிப் போக நேர்ந்தாலோ 37 கி.மீ. போதாது. ஆளரவமற்ற பாதையில் ஐந்தில் ஒரு பங்காவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதாவது 480 கி.மீ.க்கான பெட்ரோல், 16.3 லிட்டர். குறைவது 4 லிட்டருக்குச் சற்றுக் குறைவு. 5 லிட்டராகவே எடுத்துச் செல்லுங்கள்.

பெட்ரோலுக்கென்றே செய்யப்பட்ட கேனில் மட்டுமே எடுத்துச் செல்லுங்கள். தண்ணீர் பாட்டிலில் ஒருபோதும் வேண்டாம். கேனைத் தரையில் வைத்து நிரப்புங்கள், வண்டியில் கட்டிவைத்தபடி நிரப்பினால் நிலைமின்சாரப் பொறி பறக்கும் ஆபத்து உண்டு. மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், சாய்ந்துவிடாதபடி இறுகக் கட்டுங்கள்.

விளக்கு எரியும்வரை அந்தக் கேனைச் சுமந்துகொண்டிருக்க வேண்டாம். 150 கி.மீ. கடந்ததும் நிழலில் வண்டியை நிறுத்தி, இன்ஜின் ஆறியபின் ஊற்றிவிடுங்கள். 29.5 மைலேஜ் கிடைத்திருந்தால் அதற்குள் 5.1 லிட்டர் செலவாகியிருக்கும். கேனில் உள்ள ஐந்தும் டேங்க்கின் கழுத்தை ஒட்டி வந்து நிற்கும். மட்டம் அதற்கு வெகுவாகக் கீழே நின்றால் எதிர்பார்த்ததைவிட அதிகம் குடிக்கிறது என்று பொருள். குழாயில் கசிவு உண்டா, பிரேக் உரசுகிறதா என்று பாருங்கள். காரணம் கசிவு என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். காற்றோ மலை ஏற்றமோ என்றால் வேகத்தை 60-க்குக் குறைத்துக்கொண்டு மீதி 250 கி.மீ.யையும் ஓட்டலாம்.