வாசகர் கேள்வி: பூங்காவில் ஐந்து வாட் வானொலி

கேள்வி: ஐந்து வாட் அமெச்சூர் வானொலிக் கருவியை (பொழுதுபோக்காகப் பிறருடன் தொடர்புகொள்ளும் வானொலி)ப் பூங்காவில் வைத்து இயக்கினால் தொலைதூரத் தொடர்பு கிடைக்குமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: உறுதியாகக் கிடைக்கும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினாலும், கேட்பவரின் அளவுமானியில் குறைவது ஏறத்தாழ 13 டெசிபெல், அதாவது குறியின் வலிமையைக் காட்டும் எஸ் அலகுகளில் இரண்டுக்குச் சற்று மேல்தான். வீட்டு மின்சாதனங்களின் இரைச்சல் இல்லாத பூங்காவில், வீட்டில் புதைந்துபோகும் மெல்லிய குறிகளும் தெளிவாகக் கேட்கும் என்பதே எனக்குப் பெரிய ஆதாயமாகத் தோன்றுகிறது.

கருவியைவிட ஆண்டெனாவுக்கே கவனம் கொடுங்கள். 14 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கம்பியை நடுவில் பிரித்து, அந்த நடுப்பகுதியை நீண்ட தூண்டில் கழியின் உச்சியில் கட்டி, இரு முனைகளையும் யாருடைய காலிலும் சிக்காதபடி சரிவாக இழுத்துக் கட்டினால் போதும். குரல் எட்டாத இடத்துக்கும், புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் எட்டும். அதைக் கற்றுக்கொள்ளுங்கள், மிக அழகான கலை அது.

தேர்வில் தேறி, தென்னாப்பிரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான இகாசாவின் உரிமமும் அழைப்புக்குறியும் பெற்ற பிறகே குறிகளை அனுப்ப வேண்டும், கேட்பதோடு தொடங்கலாம். பூங்காக் காவலரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். நம் கோடைப் பிற்பகல்களில் இடி முழங்கினால், கம்பியைத் தொடாமல் உடனே விலகிவிடுங்கள்.