நியூசிலாந்தில் காரோட்டுதல், குழந்தைகளோடு (கடிதமும் பதிலும்)

மதிப்பிற்குரிய ஐயா,

வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் நியூசிலாந்து போகலாம் என்றிருக்கிறோம். நான், கணவர், 7 வயது மகள், 4 வயது மகன், 67 வயது மாமியார் (அவருக்கு முழங்கால் வலி உண்டு). மொத்தம் 12 நாள். ஆக்லாந்தில் இறங்கி ரோட்டோருவா, வெலிங்டன், அங்கே கப்பலேறி பிக்டன், பிறகு கிறைஸ்ட்சர்ச், குவீன்ஸ்டவுன், மில்ஃபோர்டு சவுண்ட் என்று காரிலேயே போவதாகத் திட்டம். கூகுள் மேப்பில் பார்த்தால் ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேரம்தான் காட்டுகிறது. கேம்பர்வேன் எடுத்தால் ஓட்டல் செலவு மிச்சம் என்கிறார் கணவர். மகனுக்குக் காரில் போனால் வாந்தி வரும். நாங்கள் சைவம். இந்தத் திட்டம் நடக்குமா? சைல்டு சீட் இங்கிருந்தே கொண்டுபோகலாமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இந்தத் திட்டம் நடக்காது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆக்லாந்திலிருந்து வெலிங்டன் ஏறத்தாழ 650 கி.மீ. கப்பலில் மூன்றரை மணி நேரம். பிக்டன் - கிறைஸ்ட்சர்ச் 340, அங்கிருந்து குவீன்ஸ்டவுன் 480, மில்ஃபோர்டு போய்வர இன்னொரு 580. ஆக 2,000 கி.மீ.க்கு மேல். சுற்றிப் பார்க்க ஓட்டுவது இதில் சேரவில்லை. அங்கே நெடுஞ்சாலை என்பது பெரும்பாலும் போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டே தடம். வேக வரம்பு 100 என்றாலும் வளைவுகளால் சராசரி 65, 70தான் கிடைக்கும். கூகுள் காட்டும் நாலு மணி நேரம் எங்கும் நிற்காமல் போனால். நாலு வயதுப் பையனுக்கு ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். இறங்கி, பாத்ரூம் போய், எதையாவது தின்று, மறுபடி சீட்டில் கட்டி உட்காரவைக்க அரைமணிக்குக் குறையாது. நாலு மணி ஆறு மணியாகிவிடும். மே மாதம் அங்கே குளிர்காலத்தின் வாசல். தெற்கே சூரியன் உதிக்கவே எட்டு மணியாகும், ஐந்தேகாலுக்கெல்லாம் இருட்டத் தொடங்கும். ஆறு மணி நேரம் காருக்குள் போய்விட்டால் பார்க்கப் பகல் எங்கே இருக்கிறது?

ஆக்லாந்து, ரோட்டோருவா, வெலிங்டன் இருக்கும் வடக்குத் தீவை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொண்டு, இப்போது தெற்குத் தீவை மட்டும் பாருங்கள். சிங்கப்பூரிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சுக்கு நேரடி விமானம் உண்டு, சுமார் பத்து மணி நேரம். சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ கடைசி வரை ஒரே டிக்கெட்டாக வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனி டிக்கெட் எடுத்தால், சிங்கப்பூரில் பெட்டியை வெளியே எடுத்து மறுபடி போட வேண்டி வரலாம். அதற்கு அந்த நாட்டு விசா வேண்டியிருக்கலாம்.

இரவுகளை இப்படிப் பிரிக்கலாம்: கிறைஸ்ட்சர்ச் 2, டெக்கபோ ஏரி 2, வானாகா 2, டி அனாவ் 2, குவீன்ஸ்டவுன் 3. காரைக் குவீன்ஸ்டவுன் ஏர்போர்ட்டிலேயே விட்டுவிட்டு அங்கிருந்து விமானம் ஏறுங்கள். எடுத்த ஊரில் விடாததற்குத் தனிக் கட்டணம் கேட்கலாம். திரும்ப 480 கி.மீ. ஓட்டுவதற்கு அது எவ்வளவோ மேல். எந்த ஊரிலும் ஒற்றை இரவு வேண்டாம். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே குழந்தைகளின் காலை போய்விடும்.

வந்து இறங்கிய அன்று காரை எடுக்காதீர்கள். மே மாதத்தில் அவர்கள் நேரம் நம்மைவிட ஆறரை மணி முன்னால். அங்கே காலை பத்து மணிக்கு ஸ்டியரிங்கைப் பிடிக்கும் உங்கள் கணவரின் உடம்புக்கு அது விடியற்காலை மூன்றரை. டாக்சியில் அறைக்குப் போய், பகல் வெளிச்சத்தில் குழந்தைகளை விளையாட விடுங்கள். நகர நடுவிலேயே மார்கரெட் மாஹி விளையாட்டுத் திடல் இருக்கிறது, பெரியது, இலவசம். காரை மூன்றாம் நாள் காலை எடுத்தால் போதும். அன்றைய ஓட்டம் டெக்கபோ வரை 225 கி.மீ., நடுவே ஜெரால்டின், ஃபேர்லி என்று இறங்கி நிற்க ஊர்கள் உண்டு.

இனி உங்கள் கணவரின் கேம்பர்வேன். டிசம்பரில் இரண்டு பெரியவர்களும் ஒரு குழந்தையும் போனால் சரி என்பேன். மே மாதக் குளிரில், முழங்கால் வலியுள்ள பெரியவரை ஏணி வைத்த படுக்கையும் ஒடுக்கமான கழிப்பறையும் உள்ள வண்டியில் ஏற்ற வேண்டாம். அதைவிடப் பெரிய சிக்கல் சைல்டு சீட். ‘ஆறு பேர் படுக்கலாம்’ என்று விளம்பரத்தில் போடுவது படுக்கைக் கணக்கு. சைல்டு சீட்டைப் பூட்ட, முன்பக்கம் பார்த்த இருக்கையும் பின்னால் கொக்கி மாட்டும் இடமும் வேண்டும். பல கேம்பர்வேன்களில் அப்படிப்பட்ட இருக்கை ஒன்றிரண்டுதான். பக்கவாட்டில் பார்த்த இருக்கையில் பூட்டவே கூடாது. டீசல் வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கில் சாலை வரி தனியாக உண்டு, வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது பில்லில் ஏறும். ஓட்டலில் மிச்சம் பிடித்தது இதிலும் முகாம் வாடகையிலும் கரையும்.

நீங்கள் ஐந்து பேர், இரண்டு சைல்டு சீட். சாதாரண ஐந்து சீட் காரில் இரண்டு சீட்டுக்கு நடுவே ஒரு பெரியவர் உட்கார ஒரு சாண் இடம்தான் மிஞ்சும். மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்தால், அந்த ஒரு சாண் உங்களுக்கு. கியா கார்னிவல் மாதிரி எட்டு சீட் வண்டி எடுங்கள். கதவு பக்கவாட்டில் நகரும். நெருக்கமான பார்க்கிங்கில் குழந்தையைக் கட்டவும் அவிழ்க்கவும் அது பெரிய வசதி. பெரிய பெட்டிகளுக்கும் பின்னால் இடமிருக்கும்.

சைல்டு சீட் சட்டப்படி கட்டாயம். ஏழு வயது நிறையும்வரை அங்கீகரித்த சீட்டில்தான் உட்கார வேண்டும். ஏழு முடிந்து எட்டு நிறையாத குழந்தைக்கு, வண்டியில் சீட் இருந்தால் அதில் உட்கார வேண்டும். உங்கள் மகளுக்கு பூஸ்டர் (உயர்த்தி உட்காரவைக்கும் சீட்) எடுத்துவிடுங்கள்; பூஸ்டர் இல்லாவிட்டால் பெல்ட் தோளில் நிற்காமல் கழுத்தை அறுக்கும். இங்கிருந்து கொண்டுபோக வேண்டாம். அவர்கள் ஏற்பது ஆஸ்திரேலிய-நியூசிலாந்து தரம், ஐரோப்பியத் தரம், தனி முத்திரை பெற்ற அமெரிக்கத் தரம். நம் ஊர் ஏ.ஐ.எஸ். முத்திரை மட்டும் உள்ள சீட் செல்லாது. காரோடு வாடகைக்கு எடுங்கள், பதிவு செய்யும்போதே குழந்தைகளின் வயதையும் எடையையும் எழுதிவிடுங்கள். வாடகை நாள் கணக்கில் ஏறும் என்பதால், பூஸ்டரை மட்டும் கிறைஸ்ட்சர்ச்சில் கேமார்ட் போன்ற கடையில் வாங்குவது மலிவாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

சீட்டைப் பல இடங்களில் உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள், பூட்டுவது உங்கள் வேலை. பூட்டியபின் பெல்ட் போகும் இடத்தில் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் தளர்வு. சீட்டுக்குள் ஒரு முழங்காலை ஊன்றி, உடம்பு எடையைப் போட்டு அழுத்திக்கொண்டே பெல்ட்டை இழுத்தால் இறுகும். மேலிருந்து பின்பக்கம் போகும் வாரைக் கொக்கியில் மாட்ட மறக்காதீர்கள். அதிகம் பேர் விடுவது இதைத்தான்.

குளிர் ஊரில் புதிதாக வரும் ஆபத்து ஒன்றுண்டு. பஞ்சு வைத்த தடிமனான ஜாக்கெட்டோடு குழந்தையைச் சீட்டில் கட்டினால், வார் இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். மோதும்போது பஞ்சு அமுங்கி, வாருக்கும் மார்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விழும், குழந்தை நழுவி முன்னால் வரும். ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டுக் கட்டுங்கள். தோள்பட்டையில் வாரைக் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும். பிறகு ஜாக்கெட்டை மேலே போர்த்தலாம்.

வாந்திக்கும் இதோடு தொடர்பு உண்டு. ஜாக்கெட், அதன்மேல் ஹீட்டர் என்றால் நல்ல குழந்தைக்கே குமட்டும். உள்ளே 20 டிகிரிக்கு மேல் போகாமல், ஜன்னலை ஒரு விரல் இடைவெளி திறந்து வையுங்கள். ஓடும் காரில் டேப்லெட் திரை பார்க்க விட வேண்டாம். கிளம்பும் முன் பாலும் எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம், உலர்ந்த பிஸ்கட், சப்பாத்தி போதும். மருந்தைக் குழந்தை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள், ஊரிலேயே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். சில குழந்தைகள் தூங்குவதற்குப் பதில் துள்ளும். வானாகாவிலிருந்து கிளம்பும் நாளில் மேப் உங்களைக் கிரவுன் ரேஞ்ச் வழியாக இழுக்கும். ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமான கணவாய், கொண்டை ஊசிகள், காலையில் பனிக்கட்டி. வால்பாறை மலையேறிய பழக்கம் இருந்தாலும் வேண்டாம். குரோம்வெல் வழியாகச் சுற்றுங்கள். அன்று டி அனாவ் வரை ஏறத்தாழ 275 கி.மீ., உங்கள் பயணத்திலேயே நீளமான நாள். வழியில் குவீன்ஸ்டவுனை ஒட்டிய ஃப்ராங்க்டனில் சூப்பர்மார்க்கெட்டோடு ஒரு நீண்ட இடைவேளை விடுங்கள்.

லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே செல்லும். அட்டையைக் கையில் வைத்திருங்கள், போனில் காட்டுவது போதாது. நீங்களும் ஓட்டுவதென்றால் உங்கள் பெயரையும் ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். நம்மைப் போலவே இடதுபக்கம் என்பதால் ஓட்டுவது சிரமமில்லை, பழக்கம்தான் காலை வாரும். ரவுண்டானாவில் வலமிருந்து வருபவருக்கு நின்று வழிவிட வேண்டும். ‘ஸ்டாப்’ பலகையில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும், ஆள் இல்லாவிட்டாலும். நடுக்கோடு மஞ்சளாக இருந்தால் தாண்டி முந்தக் கூடாது. ஒற்றைத் தடப் பாலங்கள் நிறைய வரும்: நீலச் செவ்வகப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு நீங்கள் போகும் திசையைக் காட்டினால் முதல் உரிமை உங்களுக்கு, சிவப்பு விளிம்புள்ள வட்டப் பலகையில் உங்கள் அம்பு சிறிதாகச் சிவப்பில் இருந்தால் எதிரே வருபவர் தாண்டும்வரை நில்லுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்க இடம் கிடைத்ததும் விட்டுக்கொடுங்கள். ஹாரன் அடிக்க வேண்டாம், அங்கே அது திட்டுவதற்குச் சமம்.

மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த மில்ஃபோர்டுக்கு மட்டும் நீங்கள் ஓட்ட வேண்டாம் என்பது என் கருத்து. டி அனாவிலிருந்து 118 கி.மீ.தான். ஆனால் மே முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் டயருக்கு மாட்டும் பனிச் சங்கிலி வைத்திருக்கச் சொல்வார்கள், நிழல் விழும் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டி, வழியில் போன் சிக்னல் இல்லை, பனிச்சரிவு அபாயம் என்றால் சாலையையே மூடிவிடுவார்கள். மதியப் படகை முடித்துத் திரும்பினால் பாதி வழியில் இருட்டிவிடும். டி அனாவிலிருந்து படகுச் சவாரியோடு சேர்த்தே பஸ் கிடைக்கும், அதில் போங்கள். மழை என்று ரத்து செய்யாதீர்கள். ஆண்டுக்கு 6,000 மி.மீ.க்கு மேல் பெய்யும் இடம், மழை நாளில்தான் பாறைச் சுவரெங்கும் அருவி இறங்கும். அந்தச் சாலையில் வரும் ஹோமர் சுரங்கத்தருகே கீயா என்ற மலைக்கிளிகள் வண்டிகளிடம் வந்து ஜன்னல் ரப்பரை அலகால் நெம்பி இழுக்கும். பிள்ளைகளுக்கு அதுவே பெரிய காட்சி. தீனி மட்டும் போடக் கூடாது. மில்ஃபோர்டில் இறங்கியதும் கடிக்கிற சாண்ட்ஃபிளை என்ற பூச்சிக்கு மருந்து தடவிக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் ஒரு லாபமும் உண்டு. டெக்கபோ, மவுண்ட் குக் பகுதி இரவு வானத்துக்கென்று 2012 முதல் பாதுகாக்கப்பட்ட இடம். டிசம்பரில் நட்சத்திரம் பார்க்க பத்தரை மணிவரை குழந்தைகளை விழிக்க வைக்க வேண்டும், மே மாதத்தில் ஏழு மணிக்கே பார்த்துவிட்டுத் தூங்கப் போகலாம். மவுண்ட் குக் அடிவாரத்தில் கீயா பாயிண்ட் நடைபாதை போய்வர ஒரு மணி நேரம், மகளுக்குச் சரி. மாமியாருக்கு புகாகி ஏரிக்கரையில் காரை நிறுத்தி அங்கிருந்தே மலையைக் காட்டலாம். குவீன்ஸ்டவுனில் 1912ஆம் ஆண்டு நீராவிக் கப்பல் எர்ன்ஸ்லா இன்னும் ஓடுகிறது. எஞ்சினுக்கு நிலக்கரி அள்ளிப் போடுவதை நின்று பார்க்க முடியும் என்பதால் மகனை நெடுநேரம் அங்கிருந்து நகர்த்த முடியாது.

சாப்பாடு பெரிய பிரச்சினையில்லை. சமையல் மூலையுள்ள மோட்டல் அறைகளாகப் பதிவு செய்யுங்கள். அரிசி, இனிப்பில்லாத தயிர், டின் கொண்டைக்கடலை எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். மளிகைக்கு கிறைஸ்ட்சர்ச்சில் இந்தியக் கடைகள் உண்டு. மவுண்ட் குக் ஊரில் மட்டும் சூப்பர்மார்க்கெட் கிடையாது, டெக்கபோவிலேயே வாங்கிக்கொண்டு பெட்ரோலையும் நிரப்புங்கள். ஊரிலிருந்து கறிவேப்பிலை, ஊறுகாய், தேன், நெய்ப் பலகாரம், முழு மசாலா கொண்டுபோகாதீர்கள். கொண்டுபோனால் எல்லாவற்றையும் படிவத்தில் அறிவியுங்கள். அறிவித்தால் அதிகபட்சம் பிடுங்கிப் போடுவார்கள். மறைத்தால், கைப்பையில் மறந்துபோன ஒரு ஆப்பிளுக்கும் 400 டாலர் அபராதம் அங்கேயே. செருப்பு, ஷூவில் மண் இருந்தாலும் பார்ப்பார்கள், கழுவி எடுத்துப் போங்கள். மாமியாரின் மாத்திரைகளைக் வாங்கிய அட்டையிலேயே மருத்துவர் சீட்டோடு வையுங்கள்.

விபத்தில் காயம்பட்டால் சுற்றுலாப் பயணிக்கும் அந்நாட்டு அரசின் விபத்துக் காப்பு உதவும். காய்ச்சல், நெஞ்சுவலி அதில் வராது, அதற்குப் பயணக் காப்பீடு வேண்டும். கார் காப்பீட்டில் முதல் சில ஆயிரம் டாலர் உங்கள் தலையில் விழும்படி வைத்திருப்பார்கள். கூடுதல் பணம் கட்டிக் குறைக்கும்போது, கண்ணாடியும் டயரும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். சரளைக் கல் தெறித்துக் கண்ணாடி விரிவது அங்கே சகஜம். முன்பணப் பிடித்தத்துக்கு ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு வேண்டும். ஆளில்லாத பெட்ரோல் பங்குகளில் கார்டும் பின் நம்பரும் போட்டால்தான் எண்ணெய் வரும், வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள்.

விசாவுக்கு ஐந்து பேருக்கும் விண்ணப்பிக்க வேண்டும், குழந்தைகளுக்கும் சேர்த்து. அது வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறைகளாக மட்டும் பிடியுங்கள். காரை இப்போதே பதிவு செய்யலாம், எட்டு சீட் வண்டிகள் குறைவு, முதலில் தீர்வது அவைதான்.

அன்புடன்.