கைவிடப்பட்ட துறைமுகக் கட்டடங்களைச் சுற்றிப் பார்த்துப் படமெடுக்க ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

முதலில் எதிர்க்கரைக்குப் போங்கள். யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்.

தானியக் கிடங்கோ, சர்க்கரை ஆலையோ, நிலக்கரி மின்நிலையமோ, அது கரையோரம் கட்டப்பட்டதற்குக் காரணம் தண்ணீர். சரக்கு கப்பலில் வந்து இறங்கியது, பல இடங்களில் கப்பலிலேயே ஏறிப் போனது. அதனால் இந்தக் கட்டடங்களின் முகம் தண்ணீரைப் பார்த்துத்தான் இருக்கும். சாலையிலிருந்து நமக்குத் தெரியும் பூட்டிய கேட்டும் உடைந்த சன்னலும் முதுகுப் பக்கம். எதிர்க்கரையிலோ படகிலோ இருந்து பார்த்தால்தான் எந்த வாய் வழியாகச் சரக்கு உள்ளே போனது, எது வழியாக வெளியே வந்தது என்று புரியும். அத்துமீறி நுழையும் பிரச்சினையும் அங்கே இல்லை. நீளமான லென்ஸ் ஒன்றும் ட்ரைபாடும் இருந்தால் போதும்.

அடுத்து, அந்தக் கட்டடம் என்ன வேலை செய்தது என்று படித்துவிட்டுப் போங்கள். அமெரிக்காவின் பஃபலோ நகரத்து ஆற்றங்கரையில் 'கான்கிரீட் சென்ட்ரல்' என்றொரு பிரம்மாண்டமான தானியக் குதிர் வரிசை இருக்கிறது. 1915 முதல் 1917 வரை கட்டி, 1966-இல் கைவிட்டார்கள். படங்களில் பார்த்தால் உருளை உருளையாக நிற்கும் சுவர் மட்டும்தான் கண்ணில் படும். ஆனால் அங்கே உயிர்நாடி, கரையோரத் தண்டவாளத்தில் நகர்ந்த கோபுரங்கள். அவற்றிலிருந்து வாளிகள் கோத்த பட்டை ஒன்று கப்பலின் சரக்கறைக்குள் இறங்கித் தானியத்தை அள்ளி மேலே கொண்டுபோகும். நீராவியால் இப்படித் தானியம் தூக்குவதை அதே ஊரில் 1842-இல் ஜோசப் டார்ட் என்ற வணிகர் தொடங்கிவைத்தார். அதற்கு முன்பு அந்த வேலை மனிதர்களின் தோளில் நடந்தது. இது தெரிந்தபின் உங்கள் கண் தானாகத் தண்டவாளத்தைத் தேடும், படமும் மாறிவிடும்.

நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றுக்குள் நிற்கும் 69-ஆம் தெரு ரயில் மாற்றுப் பாலமும் அப்படித்தான். 1911-இல் கட்டியது. ரயில் பெட்டிகளைத் தட்டையான மிதவைகளில் ஏற்றி ஆற்றைக் கடந்து கொண்டுவந்தார்கள். கடலின் ஏற்றம், வற்றத்துக்குத் தகுந்தபடி மிதவை உயர்ந்து தாழும், கரைத் தண்டவாளம் அசையாது. இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர, பாலத்தின் நுனியை ஏற்றி இறக்கும் இயந்திரம்தான் அந்தச் சட்டகத்தின் தலையில் இருக்கும் வீடு போன்ற அறைக்குள் இருந்தது. பொதுப் பூங்காவிலிருந்தே இதைப் பார்க்கலாம், வேலி தாண்ட வேண்டியதில்லை.

இனி நான் அதிக நேரம் செலவிடும் இடம்: தண்ணீர் ஏறி இறங்கும் அந்த ஒரு பட்டை. ஏதாவது ஒரு பழைய கான்கிரீட் தூணை வற்றத்தின்போது மேலிருந்து கீழாகப் பாருங்கள். உச்சி ஓரளவு நன்றாக இருக்கும். எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் அடிப்பகுதியும் அவ்வளவு மோசமாக இருக்காது, அங்கே ஆக்சிஜன் குறைவு. அலை தெறிக்கும் இடைப்பகுதிதான் சிதைந்து கிடக்கும். கடல்நீரின் உப்பு கான்கிரீட்டுக்குள் ஊறிக் கம்பியைத் தொடுகிறது. கம்பியில் உருவாகும் துரு, அரிக்கப்பட்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடித்து, மூடியிருக்கும் காரையை உள்ளிருந்தே பிளந்து தள்ளுகிறது. முதலில் செம்பழுப்பாக ஒரு கசிவு, அப்புறம் கம்பியின் நீளத்துக்கே ஒரு விரிசல், கடைசியில் பலகை பலகையாகப் பெயர்ந்து கம்பிக்கூடு வெளியே வரும். மூன்று நிலைகளையும் ஒரே தூணில் பார்க்கலாம். நூறு அகலக் காட்சிகளைவிட இப்படி ஒரு தூணின் படம் எனக்குப் பெரிது.

மரத்தூண்களின் கதை வேறு. கப்பற்புழு என்று சொல்லப்படுவது உண்மையில் சிப்பி இனம். குண்டூசி முனை அளவு துளையில் நுழைந்து உள்ளே சுரங்கம் போட்டுக்கொண்டே போகும். வெளியே தூண் முழுசாக நிற்கும், உள்ளே வெறும் சல்லடை. நியூயார்க் துறைமுகத்தின் தண்ணீர் ஒரு காலத்தில் இந்த உயிர்கூட வாழ முடியாத அளவுக்கு அழுக்காக இருந்தது. 1972-இன் தூய நீர்ச் சட்டத்துக்குப் பிறகு தண்ணீர் தெளிந்தது, புழு திரும்பி வந்தது, பழைய படகுத்துறைகளின் மரக்கால்கள் கரையத் தொடங்கின.

இதனால்தான் உள்ளே போவது பற்றிக் கண்டிப்பாகப் பேசுகிறேன். கைவிடப்பட்ட துறையின் மேல்தளத்தில் நடக்கும்போது, உங்களைத் தாங்குவது எது என்பது உங்கள் கண்ணுக்கே தெரியாது. உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், கட்டடத்தை அறிந்த ஒருவர் கூட வரட்டும். அனுமதி கிடைக்கவில்லையென்றால் எதிர்க்கரைப் படங்களோடு நில்லுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. மூடிய இரும்புத் தொட்டிக்குள்ளும் கைவிட்ட கப்பலின் அறைக்குள்ளும் அனுமதி இருந்தாலும் இறங்காதீர்கள். துருப்பிடிக்கும் இரும்பு உள்ளே இருக்கும் ஆக்சிஜனையே தின்றுவிடும், அதற்கு வாசனை கிடையாது, டார்ச் அடித்தாலும் தெரியாது. பழைய குழாய்களைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பொதியல் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். அதன் நார்த்தூசியும் புறா எச்சத் தூசியும் நுரையீரலுக்குக் கெடுதி. சாதாரணத் துணி முகமூடி இரண்டுக்கும் போதாது.

ஏற்றம், வற்ற நேர அட்டவணை பார்க்காமல் கிளம்பவே வேண்டாம். நேரம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும், அமாவாசை பௌர்ணமியை ஒட்டி நீர் அதிகம் ஏறும், அதிகம் வற்றும். அடித்தூண்களைப் படமெடுக்க அந்த நாட்களின் வற்றமே தோது. ஆனால் நீர் திரும்பத் தொடங்கும் முன்பே கரையேறிவிடுங்கள்.

வெளிச்சத்துக்கு எல்லோரும் சாயங்காலச் சூரியனைத் தேடுவார்கள். நான் மேகமூட்டத்தையே விரும்புவேன். ஜெர்மனியின் பெர்ண்ட், ஹில்லா பெக்கர் தம்பதி 1959-இலிருந்து பல பத்தாண்டுகள் உலைகளையும் தண்ணீர்த் தொட்டிகளையும் குதிர்களையும் நிழல் விழாத சாம்பல் வானத்தின் கீழ், நேர்முகமாக, பெரிய பிளேட் கேமராவில் எடுத்தார்கள். நிழல் இல்லாததால் ஒவ்வொரு ஆணியும் தெரியும். உட்புறம் என்றால் இருட்டுக்கும் வெளியே மின்னும் தண்ணீருக்கும் இடையே வித்தியாசம் அதிகம். ட்ரைபாடில் வைத்து, வெளிச்ச அளவை மாற்றி மாற்றி இரண்டு மூன்று எக்ஸ்போஷர் எடுத்து, பிறகு நிதானமாக ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். வண்ணத்தை ஏற்றித் தள்ளிய படங்களும், நாற்காலியில் பொம்மையை உட்காரவைத்து எடுத்த படங்களும் எனக்குப் பிடிப்பதில்லை. அங்கே உழைத்தவர்களுக்கு அது மரியாதை அல்ல.

தேதி, நின்ற இடம், பார்த்த திசை மூன்றையும் ஒவ்வொரு படத்தோடும் எழுதி வையுங்கள். கரையோர நிலத்துக்கு விலை அதிகம், இந்தக் கட்டடங்கள் சொல்லாமல் கொள்ளாமல் இடிபடும், இல்லையென்றால் உருமாறும். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் துறைமுகத்தின் 1924-ஆம் ஆண்டுக் குதிர்களைக் குடைந்து 2017-இல் கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். நடுக்கூடத்தின் வடிவத்தை ஒரு மக்காச்சோள மணியை ஸ்கேன் செய்து வெட்டினார்கள். அழகாக இருக்கிறது. ஆனால் வெட்டுவதற்கு முன் அந்தக் குழாய் வடிவக் குதிர்கள் எப்படி நின்றன என்பது இனி பழைய படங்களில் மட்டுமே. அதனால் ரா ஃபைலை (கேமரா பதிவுசெய்த மூலக் கோப்பை) அழிக்காதீர்கள், உள்ளூர் ஆவணக் காப்பகம் வாங்கிக்கொள்ளுமென்றால் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.