முதுபெரும் பாடகரின் மேடை: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: பள்ளிப் பருவத்திலிருந்தே ஒரு பாடகரின் தீவிர ரசிகன் நான். எழுபதைக் கடந்துவிட்ட அவர் அண்மையில் ஒரு நாடக அரங்கில் நிகழ்த்திய கச்சேரிக்கு, நீண்ட நாள் காத்திருப்புக்குப் பிறகு சென்றேன். பழைய பாடல்கள் எல்லாவற்றையும் சுருதி இறக்கியே பாடினார். உச்ச இடங்களைப் பின்பாட்டுக்காரர்களிடம் விட்டுவிட்டார். தொடக்கத்தில் வெகுநேரம் யாருக்கும் பழக்கமில்லாத புதிய பாடல்களையே பாடினார். உடன் வந்த நண்பர், 'குரல் போய்விட்டது, வீட்டில் இசைத்தட்டைக் கேட்டிருக்கலாம்' என்றார். எனக்கோ ஒரு பாடலின் நடுவே கண் கலங்கிவிட்டது. நான் கேட்டது நல்ல கச்சேரிதானா, அல்லது என் பக்தி என்னை ஏமாற்றிவிட்டதா?

பதில்: பக்தி ஏமாற்றக்கூடியதுதான். ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் குறைகளில் எதுவும் கச்சேரி மோசம் என்பதற்குச் சான்றாகாது. சுருதி இறக்கிப் பாடியதை அவருடைய நல்ல புத்திக்கு அடையாளம் என்றே நான் சொல்வேன்.

வயது ஏறும்போது குரல்நாண்களின் தசை மெலிகிறது. அவற்றின் நெகிழ்ச்சி குறைகிறது. குரல்வளையின் குருத்தெலும்புகள் மெல்ல மெல்ல எலும்பாக இறுகுகின்றன. நுரையீரல் ஒரே மூச்சில் வெளிவிடும் காற்றின் அளவும் குறைந்துகொண்டே வருகிறது. ஆகவே மூத்த பாடகர் முதலில் இழப்பது மேல் ஸ்தாயியின் சில சுரங்களையும், மூச்சு வாங்காமல் நீட்டிய நீண்ட கார்வைகளையும்தான். முப்பது வயதில் பதிவு செய்த அதே சுருதியில் எழுபத்தைந்திலும் பாடுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், உச்சம் வரும் இடத்திலெல்லாம் குரலை முக்கித் தள்ள வேண்டியிருக்கும். கேட்பவரின் கவனமும் பாட்டை விட்டு, 'எட்டுவாரா, மாட்டாரா' என்ற பந்தயத்துக்குப் போய்விடும். ஒரு கட்டையோ ஒன்றரைக் கட்டையோ இறக்கிக்கொண்டால் அந்தப் பதற்றம் அகன்று, சொற்களுக்கு இடம் கிடைக்கிறது.

கனடாவின் பாடகரும் கவிஞருமான லெனார்ட் கோஹன் ஏறக்குறைய 15 ஆண்டுகள் சுற்றுப்பயணம் எதுவும் செய்யாமல் இருந்துவிட்டு, 2008 மே மாதத்தில், தம் 73ஆவது வயதில், அந்நாட்டின் ஃபிரெடெரிக்டன் நகரில் சில நூறு பேர் மட்டுமே அமரக்கூடிய ஒரு சிறிய அரங்கிலிருந்து மீண்டும் தொடங்கினார். சேமிப்பை இழந்த நெருக்கடியும் அவரை மேடைக்குத் தள்ளியது என்பது ஊரறிந்த செய்தி. அதற்குள் அவருடைய குரல் ஏறக்குறைய பேச்சின் அடித்தளத்துக்கே இறங்கிவிட்டிருந்தது. இசையின் மேல்தளத்தைப் பின்பாட்டுப் பாடகியர் மூவரிடம் ஒப்படைத்துவிட்டு, கீழே நின்று ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிதானமாக வைத்தார். பக்கவாத்தியக்காரர் தனியாக வாசிக்கும்போது தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கேட்டார். சில பாடல்களை மண்டியிட்டே பாடினார். ஏறத்தாழ மூன்று மணி நேரம் நீண்ட அந்தக் கச்சேரிகளுக்குப் போனவர்கள், அவருடைய இளமைக் குரலைக் கேட்கவில்லையே என்று குறைப்பட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. இன்னொரு கனடியப் பாடகி ஜோனி மிட்செல் தம் இருபதுகளில் மெல்லிய உயர்ந்த குரலில் பதிவு செய்த ஒரு பாடலை 2000ஆம் ஆண்டில், ஐம்பதைக் கடந்த பிறகு, கனத்த தாழ்ந்த குரலில் ஒரு பெரிய வாத்தியக் குழுவோடு மீண்டும் பாடினார். வாழ்க்கையை இரு பக்கங்களிலிருந்தும் பார்த்தாயிற்று என்று சொல்லும் வரிகள், இருபத்துச் சொச்ச வயதுப் பெண் பாடியபோது ஓர் அழகிய பாவனையாக இருந்தன. இரண்டாவது பதிவில் அவை வாக்குமூலமாகிவிட்டன.

ஆகவே உங்கள் நண்பர் தவறான அளவுகோலைக் கையில் எடுத்திருக்கிறார். அதற்காக, வயதானவர் எதைப் பாடினாலும் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. இறக்கிய சுருதியிலும் ஸ்வரம் விலகுகிறதா, சொற்கள் குழறுகின்றனவா, பக்கவாத்தியக்காரர்களை அவர் கேட்கிறாரா, பதிவு செய்து வைத்த குரலை ஓடவிட்டு வாயசைக்கிறாரா என்றெல்லாம் கவனிக்கலாம், கவனிக்கவும் வேண்டும். பின்பாட்டுக்காரர்கள் உச்சத்தை எடுத்துக்கொள்வது நல்ல ஏற்பாடு. அவர்கள் பாட்டு முழுவதையும் மூடிக்கொண்டால் அது மறைப்பு. புதிய பாடல்களைப் பொறுத்தவரை, இன்றைய குரலுக்கென்றே அவர் இயற்றியவை அவை மட்டும்தான். அரங்கிலிருந்த பெரும்பாலோர் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கக்கூடிய அந்த நேரத்தில்தான் அவர் மிகவும் தம்மியல்பாக இருந்திருப்பார்.

கண் கலங்கியதைப் பற்றி ஒன்று. வாத்தியக் குழு முன்னிசையைத் தொடங்கிய உடனேயே, அவர் வாய் திறப்பதற்கு முன்பே கலங்கியிருந்தால், அது உங்கள் பள்ளிப் பருவம் செய்த வேலை. பாடலின் நடுவே என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவர் செய்த வேலை.

கேள்வி: ஒரு காலத்தில் மைதானங்களை நிரப்பியவர்கள் இப்போது சிறிய அரங்குகளுக்கு வருவது இறங்குமுகம்தானே? இதைக் 'கலைத் தேர்வு' என்று சொல்வது பூசிமெழுகல் இல்லையா?

பதில்: சிலர் விஷயத்தில் பூசிமெழுகல்தான், மைதானத்துக்கான சீட்டு விற்காதபோது 'நெருக்கமான மாலை' என்ற சொற்றொடர் விளம்பரத்தில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் எல்லாரையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 2018இல் விடைபெறும் சுற்றுப்பயணத்தை முடித்துக்கொண்டவர். அதன்பின் இடது காதின் கேட்கும் திறனைப் பெருமளவு இழந்தார். 2025இல், 83ஆவது வயதில், நியூ ஆர்லியன்ஸின் சேங்கர் தியேட்டரில் தொடங்கி மீண்டும் அவர் பயணம் செய்தபோது, ஒலி நன்றாக அமையும் அரங்குகளையே தேர்ந்தெடுத்தார். முதல் பாதியில், 33 நிமிடம் இடைவெளியின்றி ஓடும் தம் புதிய படைப்பை முழுவதுமாக வாசித்தார். இரைச்சல் மிகுந்த மைதானத்தில் இதை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

அரங்கின் ஒலி என்பது வெறும் ஒலிபெருக்கி விவகாரம் இல்லை. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சே புரியாத அளவுக்கு எதிர்முழக்கம் இருந்தது. அதைச் சரிசெய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியலாளரிடம் வந்தது. இரவு நேரத்தில், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு நிறுத்தி, ஓசை முற்றிலும் அடங்க எத்தனை வினாடி ஆகிறது என்று அவர் அளந்தார். காலிக் கூடத்தில் அது ஐந்து வினாடிக்கும் மேல். மெத்தைகள் கூடக்கூடக் குறைந்துகொண்டே வந்தது. கூடத்தின் கன அளவும், ஓசையை உறிஞ்சும் பரப்பும் சேர்ந்தே முழக்கத்தின் நீளத்தைத் தீர்மானிக்கின்றன என்ற விதி அதிலிருந்துதான் பிறந்தது. 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி ஹால் என்ற இசையரங்கு அந்த அறிவைக் கொண்டு கட்டப்பட்டது. ஒலிபெருக்கி இல்லாத பெரிய வாத்தியக் குழுவுக்கு இரண்டு வினாடி அளவிலான முழக்கம் அழகு. ஒலிபெருக்கியும் டிரம்ஸும் உள்ள இசைக்கு ஒரு வினாடியை ஒட்டி இருந்தால்தான் சொல் தெளியும். திரைச்சீலையும் மெத்தை இருக்கைகளும் நிறைந்த நாடக அரங்கு பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. குரலில் எஞ்சியிருக்கும் சின்னச் சின்ன நயங்கள், கம்பியின் மேல் விரல் நகரும் கீச்சொலி, வரிக்கு முன் இழுக்கும் மூச்சு எல்லாம் அங்கே காதுக்கு வந்து சேரும். கூடவே பிசிறுகளும் வந்து சேரும் என்பதால், அங்கே பாட ஒப்புக்கொள்பவருக்குக் கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்.

கேள்வி: முதல் வரிசைதான் சிறந்த இருக்கையா?

பதில்: முகம் பார்க்க வேண்டுமானால், ஆம். இசை கேட்க வேண்டுமானால் இல்லை. முதன்மை ஒலிபெருக்கிகள் மேலே தொங்குவதால் அவற்றின் ஓசை பெரும்பாலும் முதல் வரிசைகளின் தலைக்கு மேலாகப் போய்விடும். அங்கே அமர்ந்திருப்பவருக்கு மேடையில் உள்ள டிரம்ஸே பெரிதாகக் கேட்கும். மேல்மாடத்துக்கு அடியில், பின்கோடியில் அமர்ந்தால் ஓசை மூடி போட்டதுபோல் மங்கும். ஒலிக்கலவை செய்பவர் தம் மேசையோடு கூடத்தில் எங்கே அமர்ந்திருக்கிறாரோ, அதற்குச் சற்று முன்னால் நடுவில் இடம் கிடைத்தால் விடாதீர்கள். அவர் தம் காதை நம்பித்தான் எல்லாவற்றையும் சரிசெய்கிறார், அந்தக் காதுக்குக் கிடைப்பதில் பெரும்பகுதி உங்களுக்கும் கிடைக்கும்.

கேள்வி: கைபேசியைப் பையில் போட்டுப் பூட்டிவிடுகிறார்களாமே? வாழ்நாளில் ஒருமுறை பார்ப்பவரைப் படமெடுக்கக் கூடாதா?

பதில்: அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் அண்மைக் காலப் பயணங்களில் அப்படித்தான் செய்கிறார், பூட்டிய பை உங்கள் கையிலேயே இருக்கும், வெளியே வரும்போது திறந்து தருவார்கள். எனக்கு இதில் முழு உடன்பாடு. இருட்டில் ஒளிரும் ஒரு திரை, அதற்குப் பின்னால் அமர்ந்திருக்கும் அத்தனை பேரின் கண்ணையும் இழுத்துவிடுகிறது. பாடகர் எந்த வரியில் தடுமாறுவார் என்று காத்திருந்து அதை மட்டும் வெட்டிப் பரப்பும் கூட்டமும் உண்டு.

கேள்வி: கச்சேரி முடிந்தபின் பின்வாசலில் காத்திருந்து ஒரு வார்த்தை பேசலாமா?

பதில்: காத்திருக்கலாம், பேச வைக்கக் கூடாது. இரண்டு மணி நேரம் பாடிய முதிய குரல்நாண்களுக்கு உடனடித் தேவை ஓய்வு. மறுநாளும் கச்சேரி இருந்தால் அவர் வாயே திறக்காமல் வண்டி ஏறிவிடுவார், அதைத் தலைக்கனம் என்று நினைத்துவிடாதீர்கள். அவரை முதன்முதலில் கேட்ட கதையை நீங்கள் சொல்லத் தொடங்கினால், மரியாதைக்காக அவர் பதில் சொல்லவேண்டி வரும். இசைத்தட்டின் உறையையும் பேனாவையும் நீட்டுங்கள், பேனாவின் மூடியை முன்பே கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.