கவுன்சிலரிடம் மகளையே பேசச் சொல்லுங்கள்

மகள் அமெரிக்காவில் 11-ம் வகுப்பு, இன்ஜினியரிங் ஆசை. ஆனால் பாடத் தேர்வுக்கும் கல்லூரி விண்ணப்பத்துக்கும் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலர், அடுத்த வருடம் ஏபி கால்குலஸ் (பள்ளியிலேயே படிக்கும் கல்லூரி நிலை நுண்கணிதம்) வேண்டாம், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் (புள்ளியியல்) போதும் என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தவிப்பு புரிகிறது.

அவர் மேல் கோபம் வேண்டாம். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்கள் என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர்கள் சங்கத்தின் பரிந்துரை; பல பள்ளிகளில் அதைவிட அதிகம். மகளின் ஆசையே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அவளே மின்னஞ்சல் அனுப்பி இருபது நிமிடம் கேட்கட்டும். நீங்கள் கூடப் போகலாம், ஆனால் பேச வேண்டியது அவள்தான்.

கால்குலஸ் விஷயத்தில் நான் உங்கள் பக்கம். போட்டி அதிகமுள்ள இன்ஜினியரிங் கல்லூரிகள் பல, பள்ளியில் கால்குலஸ் இருந்தால் அதைப் படித்திருக்க வேண்டும் என்றே எதிர்பார்க்கின்றன. அவள் விரும்பும் நான்கைந்து கல்லூரிகளின் தளங்களில் இது பற்றி இருப்பதை அச்செடுத்துக் கொண்டு போகட்டும். கணித ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்றும் கேளுங்கள். இப்போதைய கணக்கிலேயே தடுமாறுகிறாள் என்றால் கவுன்சிலர் சொல்வதில் நியாயம் உண்டு. அப்போது கோடைக்காலத்தில் அடிப்படையைச் சரிசெய்ய முடியுமா என்று பாருங்கள்.

அப்புறம் ஒன்று. காமன் ஆப் (பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளம்) வழியாக மதிப்பெண் பட்டியல், பள்ளி அறிக்கை, பல கல்லூரிகளுக்குப் பரிந்துரைக் கடிதம் எல்லாம் கவுன்சிலரிடமிருந்தே போகும். மகளைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு எழுதி இந்த வசந்தத்திலேயே கொடுத்துவிடுங்கள். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்கிறாள் என்பது போன்ற விஷயங்களையும் விடாமல் சேருங்கள், அவை மதிப்பெண் பட்டியலில் தெரியாது.