வாசகர் கேள்வி – பதில்: ஆடம்ஸ் மலையடியில் ஒரு கூடாரம்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கிஃபோர்ட் பின்ஷோ தேசியக் காட்டுக்குள், ஆடம்ஸ் எரிமலையின் வடமேற்கே டக்லக் என்றொரு சிறு ஏரி இருக்கிறது. அதன் கரையிலுள்ள முகாம் தளத்தைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு வரி எழுதியிருந்தோம். மின்சாரமோ குடிநீர்க் குழாயோ குளியலறையோ இல்லாத இடம் என்ற ஒரு வரியே பலரையும் கடிதம் எழுத வைத்திருக்கிறது. வந்தவற்றில் சில கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: நானும் கணவரும் ஏழு வயது மகளும், ஊரிலிருந்து வந்திருக்கும் என் மாமியாரும் வெள்ளிக்கிழமை மாலை போய் ஞாயிறு மதியம் திரும்புவதாக இருக்கிறோம். ஏரித் தண்ணீர் அடி தெரியும் அளவுக்குத் தெளிவாக இருக்கும் என்கிறார்கள். அதையே குடிக்கலாமா, அல்லது எல்லாத் தண்ணீரையும் வீட்டிலிருந்து சுமக்க வேண்டுமா? — சியாட்டில் வாசகி

பதில்: அப்படியே குடிக்கக் கூடாது. மலையில் பனி உருகி வரும் தண்ணீரில் வண்டல் குறைவாக இருப்பதால் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. ஆனால் மானும் பீவரும் நாயும் மனிதரும் நடமாடும் கரையிலிருந்து கலக்கும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகள் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஜியார்டியா பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் கழித்தே வயிற்றைப் பிடிக்கும் என்பதால், ஏரியில் குடித்த தண்ணீரை யாரும் சந்தேகிக்காமல், நேற்றுச் சாப்பிட்ட ஓட்டலைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

கூடாரத்தின் பக்கம் வரை கார் போகும் இடமாகையால், குடிக்கவும் சமைக்கவும் வேண்டிய தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டு போவதுதான் நான் சொல்லும் வழி. ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் என்று வைத்தால் நால்வருக்கு இரண்டு நாளைக்கு 32 லிட்டர் ஆகிறது. 20 லிட்டர் கேன் இரண்டை நிரப்பிக்கொண்டால் கையில் கொஞ்சம் மிச்சமும் இருக்கும். பாத்திரம் கழுவவும் கை கால் கழுவவும் ஏரித் தண்ணீர் போதும், ஆனால் சாப்பிடும் தட்டுக்குக் கடைசி அலசல் சுத்திகரித்த தண்ணீராக இருக்கட்டும்.

ஏரித் தண்ணீரைக் குடிநீராக்க வேண்டி வந்தால், கொதிக்க வைப்பதே ஐயமற்ற வழி. தளபுளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் வைத்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே போனால்தான் மூன்று நிமிடம் வேண்டும், டக்லக் ஏரி ஏறத்தாழ 1,340 மீட்டரில்தான் இருக்கிறது. சாதாரணக் குளோரின் மாத்திரைக்குக் கிரிப்டோஸ்போரிடியம் மசியாது என்பதால் அதை மட்டும் நம்பிப் போகாதீர்கள். நுண்குழல் வடிகட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு முறை நனைந்த வடிகட்டி இரவில் உறைந்துபோனால் உள்ளே இருக்கும் குழல்கள் வெடித்துவிடும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, தண்ணீரும் வழக்கம்போல வரும், ஆனால் எதையும் வடிகட்டாது. செப்டம்பரில் போகிறவர்கள் அதை ஒரு பையில் போட்டுத் தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்வது நல்லது.

பாத்திரத்தை ஏரிக்குக் கொண்டு போய்க் கழுவும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. ஆற்றங்கரையில் வளர்ந்த கை சும்மா இருக்காது. இங்கே அது கூடாது. மக்கிப்போகும் சோப்பு என்று எழுதியிருந்தாலும் அது மண்ணில் மக்குமே தவிர ஏரியில் அல்ல. வாளியில் தண்ணீர் மொண்டு, கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வந்து கழுவி, பருக்கைகளை வடித்துக் குப்பைப் பையில் போட்டுவிட்டு, கழுநீரைப் பரவலாக மண்ணில் வீசிவிடுங்கள்.

கேள்வி: மலை மேல் பருப்பு வேகாது என்று நண்பர் பயமுறுத்துகிறார். உண்மையா? — ஒலிம்பியா வாசகர்

பதில்: பாதி உண்மை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95.5 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடுகிறது; சோறு கொஞ்சம் கூடுதல் நேரத்தில் வெந்துவிடும், துவரம் பருப்பு திறந்த பாத்திரத்தில் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு லிட்டர் குக்கர் ஒன்றைக் காரில் போட்டுக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. எனக்கு அதைவிடக் கவலை தருவது கேஸ் அடுப்புதான். மலிவாகக் கிடைக்கும் பியூட்டேன் உருளைகள் பூஜ்யம் டிகிரியை நெருங்கும் விடியற்காலையில் ஆவியாக மறுப்பதால், காப்பி நேரத்தில் பார்த்து அடுப்பு சிணுங்கும். புரொப்பேன் உருளையில் ஓடும் அடுப்புக்கு இந்தத் தொல்லை இல்லை. எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் பற்ற வைக்கக் கூடாது; தீ பிடிப்பது ஒருபுறம் இருக்க, மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைக் கொண்டு போய்விடும்.

கேள்வி: முகாமில் தீ மூட்டி உட்காராவிட்டால் பிள்ளைகளுக்குப் போன மாதிரியே இருக்காது. தீயை அணைத்த பின் மண்ணைப் போட்டு மூடிவிட்டால் போதும்தானே? — போர்ட்லாந்து வாசகர்

பதில்: போதாது; மண்ணைப் போட்டு மூடுவதுதான் இருப்பதிலேயே தவறான முறை. மூடிய கங்கு சாம்பலுக்கு அடியில் அணையாமல் கிடந்து, சருகும் வேரும் கலந்த மேல்மண்ணுக்குள் மெல்ல ஊர்ந்து, நீங்கள் வீடு போய்ச் சேர்ந்து இரண்டு நாள் கழித்துக்கூடக் காற்றடிக்கும் நேரத்தில் வேறோர் இடத்தில் தலைதூக்கும். இந்தக் காட்டுத் தரையில் எரிமலைச் சாம்பலும் நுரைக்கல் துகளும் நிறைய உண்டு. அவை ஊற்றும் தண்ணீரை நிற்க விடாமல் கீழே இறக்கிவிடுவதால், ஒரு குவளை ஊற்றிவிட்டு மேலே ஈரமாகத் தெரிகிறது என்று நகர்ந்துவிடக் கூடாது. ஒரு முழு வாளியை ஊற்றி, குச்சியால் அடிவரை கிளறி, கரிக்கட்டைகளைப் புரட்டி, மறுபடி ஊற்றி, கடைசியில் புறங்கையை அருகில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும். கையில் சூடு தட்டினால் தீ அணையவில்லை என்று பொருள். உறங்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே இந்த வேலையைத் தொடங்கினால்தான் அவசரம் இருக்காது.

தளத்தில் ஏற்கெனவே உள்ள தீ வளையத்தில் மட்டுமே மூட்டுங்கள். ஏரிக்கரையிலிருந்து ஈரக் கல்லை எடுத்துத் தீயைச் சுற்றி அடுக்காதீர்கள். எரிமலைக் கல்லின் துளைகளில் தங்கிய நீர் ஆவியாகி, கல் தெறித்துக் கண்ணைப் பதம் பார்க்கக் கூடும். விறகை வீட்டிலிருந்து கொண்டுபோகாமல் காட்டுக்கு அருகிலுள்ள ராண்டில் போன்ற ஊரில் வாங்குவது முறை, ஏனெனில் தொலைவிலிருந்து வரும் விறகோடு மரத்தை அரிக்கும் பூச்சிகளும் சேர்ந்து வந்துவிடுகின்றன. கோடை முற்றியதும் தீ மூட்டவே தடை வருவது இங்கே வழக்கம். ஆடம்ஸ் மலையின் சரிவுகளில் 2012இலும் 2015இலும் பெரும் காட்டுத்தீ பரவியது. இரண்டும் மின்னலால் மூண்டவை. மின்னலைத் தடுக்க நம்மால் ஆகாது, அதோடு நம் பங்கையும் சேர்க்காமலாவது இருக்கலாம். புறப்படும் அன்று காலை வன அலுவலகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். தடை இருந்தால் பிள்ளைகளுக்கு ஒரு ஹெட்லாம்ப்பும் கதையும் போதும்.

கேள்வி: எந்த மாதம் போவது நல்லது? ஜூலையில் போனவர்கள் கொசுவைத் தவிர வேறு எதையும் பற்றிப் பேசுவதில்லை. — டகோமா வாசகி

பதில்: அவர்கள் மிகைப்படுத்தவில்லை. பனி விலகிக் காட்டுச் சாலை திறக்கவே ஜூன் கடைசி, சில ஆண்டுகளில் ஜூலையும் ஆகிவிடுகிறது. பனி உருகித் தேங்கும் ஒவ்வொரு சிறு குட்டையிலும் கொசுப் புழுக்கள் ஒரே நேரத்தில் பொரிந்து எழுவதால், சாலை திறந்த பிறகு வரும் சில வாரங்களில் மனிதர் அவற்றுக்கு விருந்து. ஆகஸ்ட் பாதிக்கு மேல் குட்டைகள் வற்றிக் கொசு குறையும். செப்டம்பர் முதல் இரு வாரம் என் விருப்பம். ஜூலைதான் விடுமுறை என்றால், முழுக்கை வெளிர்நிறச் சட்டையும் தலையை மூடும் கொசுவலையும் அவசியம், தோலுக்கு டீட் என்ற கொசுவிரட்டி கலந்த களிம்பு உதவும். டீட் சில பிளாஸ்டிக்குகளைக் கரைக்கும் என்பதால் கைக்கடிகாரம், மூக்குக்கண்ணாடி மீது படாமல் பூசுங்கள். துணியில் தெளிக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து மீன்களுக்குக் கொடிய நஞ்சு. அதை வீட்டிலேயே தெளித்துக் காய வைத்து எடுத்துப் போங்கள், அந்தத் துணியோடு ஏரியில் இறங்காதீர்கள்.

செப்டம்பருக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய விலை குளிர். பகலில் சட்டை மட்டும் போதும் என்றிருக்கும் இடம் இரவில் உறைநிலையைத் தொடலாம். வயதானவர்களோடு போகும்போது மேலே போர்த்தும் கம்பளியைக் கூட்டுவதைவிட, கீழே விரிக்கும் மெத்தையைத் தடிமனாக்குங்கள். உடல் சூட்டை அதிகம் குடிப்பது தரைதான். இன்னொன்று, அந்தப் பொலபொலத்த மண்ணில் கூடார முளை நிற்காது. கயிற்றைப் பெரிய கல்லில் கட்டுங்கள், காற்று அடித்தால் நள்ளிரவில் எழுந்து ஓட வேண்டியிராது.

கேள்வி: எரிமலையின் காலடியில் படுத்துத் தூங்குவது புத்திசாலித்தனமா? செயின்ட் ஹெலன்ஸ் வெடித்தது பக்கத்தில்தானே? — பெல்வியூ வாசகர்

பதில்: பக்கம்தான். செயின்ட் ஹெலன்ஸ் மலை டக்லக் ஏரிக்கு மேற்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டரில் நிற்கிறது. 1980 மே 18 அன்று அது வெடித்தபோது 57 பேர் இறந்தனர். மலையின் உயரம் 2,950 மீட்டரிலிருந்து 2,549 மீட்டராகக் குறைந்தது. அன்று காற்று கிழக்கு நோக்கி வீசியதால், சாம்பலின் ஒரு பங்கு இந்தக் காட்டின் மீதும் விழுந்தது. கூடாரத்தின் ஜிப்பில் சிக்கி நறநறக்கும் வெளிர்த் துகளில் அதுவும் கலந்திருக்கக் கூடும்.

ஆனால் அந்த மலையும் சொல்லாமல் வெடிக்கவில்லை. மார்ச் மாதத்திலிருந்தே நிலநடுக்கங்களும் நீராவி வெடிப்புகளும் இருந்தன. அதன்பின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள வான்கூவர் நகரில் நிறுவப்பட்ட எரிமலை ஆய்வகம் ஆடம்ஸ் உட்பட இந்த வரிசை மலைகளைக் கண்காணித்து வருகிறது. 3,743 மீட்டர் உயரமுள்ள ஆடம்ஸ், கடந்த சில ஆயிரம் ஆண்டுகளில் அதிகம் ஆர்ப்பாட்டம் செய்யாத மலை. அதன் பழைய எரிகுழம்பு உறைந்து கிடக்கும் பாறைக் குவியலை டக் டக் புல்வெளிப் பாதையில் ஏறிக் கடக்கலாம். கூர்முனைகள் காலைக் கிழிக்கும் என்பதால் செருப்பு உதவாது, கணுக்காலை மூடும் ஷூ வேண்டும்.

உண்மையான ஆபத்துகள் இவ்வளவு பிரம்மாண்டமானவை அல்ல. பட்டுப்போன மரத்தின் கீழ் கூடாரம் போடுவது, நனைந்த துணியோடு இரவைக் கழிப்பது, சரளைச் சாலையில் டயர் கிழிந்து மாற்று டயரில்லாமல் நிற்பது ஆகியவையே ஆளைச் சிக்கலில் மாட்டுகின்றன. செல்பேசித் தொடர்பை அங்கே நம்ப முடியாது. ராண்டிலில் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு, எப்போது திரும்புவீர்கள் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கேள்வி: அந்தப் பக்கம் ஹக்கிள்பெர்ரி பழம் ஏராளமாம். பறித்து வந்து தொக்கு போட ஆசை. கரடி வருமா? யாரிடமாவது கேட்க வேண்டுமா? — பீவர்ட்டன் வாசகி

பதில்: கரடிக்கும் அதே ஆசைதான். இங்கே இருப்பது கருங்கரடி, பொதுவாக மனிதரைக் கண்டால் விலகிப் போகும். பேசிக்கொண்டே பறித்தால் போதும். ஆனால் உணவு, பற்பசை, எண்ணெய்ப் புட்டி எதையும் கூடாரத்தில் வைக்காமல் காரில் பூட்டுங்கள். கரடியைவிட நிச்சயமாக வந்து சேர்வது சாம்பல் நிற ஜே பறவை; தட்டைக் கீழே வைத்துத் திரும்புவதற்குள் ஒரு சப்பாத்தித் துண்டு காணாமல் போயிருக்கும்.

களாக்காய் அளவுள்ள இந்தப் பழம் ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பழுக்கும். வீட்டுத் தேவைக்குப் பறிக்கவும் வனத்துறையின் இலவச அனுமதிச் சீட்டு வேண்டும்; ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன், ஆண்டுக்கு மூன்று கேலன் என்பது வரம்பு, விற்கக் கூடாது. அனுமதி இருந்தாலும் எல்லா இடமும் நமக்குத் திறந்ததல்ல. தெற்கே ஸாடூத் பழக்காடுகளில், 24ஆம் எண் காட்டுச் சாலையின் கிழக்குப் பகுதியில் ஒரு பரப்பு பூர்வகுடி மக்களுக்கே ஒதுக்கப்பட்டது. 1930களின் பொருளாதார மந்தக் காலத்தில் வேலையற்றோர் கூட்டம் கூட்டமாக வந்து பழத்தைப் பறித்துச் செல்ல, 1932இல் யாக்காமா பூர்வகுடியின் தலைவர் வில்லியம் யாலப்பும் வன அதிகாரி புருக்கார்ட்டும் கைகுலுக்கிச் செய்துகொண்ட உடன்பாடு அது, இன்றும் மதிக்கப்படுகிறது. பல தலைமுறைகளாக அந்த மக்கள் அளவாகத் தீயிட்டுப் பராமரித்ததால்தான் பழக்காடுகள் மரம் மூடாமல் இருந்தன. எல்லாத் தீயையும் அணைக்கும் கொள்கை வந்த பிறகு மரங்கள் நெருங்கி வளர்ந்து செடிகள் சுருங்கின. அறிவிப்புப் பலகை கண்ட இடத்தில் சாலையின் மறுபக்கம் போய்ப் பறியுங்கள். மலையின் கிழக்குச் சரிவில் ஒரு பகுதியும் 1972இல் குடியரசுத் தலைவர் ஆணையின்படி யாக்காமா நாட்டுக்குத் திரும்பியது, எனவே அங்கே போக அவர்களுடைய விதிகளே பொருந்தும்.

தொக்குக்கு என்றால் நன்கு கறுத்த பழமாகப் பாருங்கள். சிவப்பாக இருப்பதில் புளிப்பு தூக்கலாக இருக்கும், வெல்லத்தைச் சற்றுக் கூட்டிக்கொள்ள வேண்டும்.